குளிர்காற்றுக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

ஒன்ராறியோ மாகாணத்தில் வாடகை வீட்டில் வசிக்கும் ஒருவர், பனிக்காலத்தில் வீடு குளிர்கிறதென்று முறையிட்டால் சட்டம் அவர் பக்கம் நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் வெப்பமூட்டலை இன்றியமையாச் சேவைகளுள் ஒன்றாக வகுத்திருக்கிறது. செப்டெம்பர் முதலாம் திகதி தொடங்கி யூன் 15 வரை அதை மறுக்கும் அதிகாரம் எந்த உரிமையாளருக்கும் கிடையாது. நீரும் மின்சாரமும் எரிபொருளும் அதே பட்டியலில் அடங்கும். குளிரூட்டலை அதில் சேர்க்க 2006இல் எவருக்கும் தோன்றவில்லை. அது அன்றைய காலநிலையின் பிழை என்று விட்டுவிடலாம். ஆனால் தன் சொந்தப் பணத்தில் ஒரு சிறு குளிரூட்டியை வாங்கித் தன் அறையில் வைக்க முனைபவரைக்கூட வாடகை ஒப்பந்தத்தின் ஒரு வரி தடுத்துவிடலாம் என்ற நிலையை எப்படி விட்டுவிடுவது?

இதை வசதி படைத்தோரின் சொகுசுப் பிரச்சினை என்று எண்ணும் வாசகர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சற்று நோக்கவேண்டும். 2021 யூன் இறுதியில் அங்கே கவிந்த வெப்பக் குவிமாடத்தில் ஒரே வாரத்தில் 619 பேர் இறந்தனர் என்று அம்மாகாணத்தின் மரண விசாரணைத் துறை கணக்கிட்டது. அவர்களில் 98 விழுக்காட்டினருக்கு ஆபத்து நேர்ந்தது வெயிலில் அன்று, கட்டடங்களுக்கு உள்ளேயே. மூன்றில் இரு பங்கினர் எழுபது வயதைக் கடந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் தனித்து வாழ்ந்தவர்கள். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கொங்கிரீட் சுவர் இரவு முழுவதும் அதை அறைக்குள் உமிழ்கிறது. அந்த நிலையில் மின்விசிறி செய்வதெல்லாம் சூடான காற்றைச் சுழற்றிவிடுவதுதான். முதிய உடல் இரவிலாவது சற்று ஆறவேண்டும். ஆற இடமில்லாதபோது இதயம் தோற்றுவிடுகிறது.

ஒன்ராறியோ சட்டசபைக்கு இது தெரியாததல்ல. 2023 யூனில் நிறைவேறிய 97ஆம் சட்டமூலம், யன்னல் குளிரூட்டியையோ தரையில் நிற்கும் நகர் குளிரூட்டியையோ பொருத்திக்கொள்ளும் உரிமையைக் குடியிருப்பாளருக்கு வழங்கியது. உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும், பாதுகாப்பாகப் பொருத்தவேண்டும், வாடகையோடு மின்சாரமும் சேர்ந்திருந்தால் அதற்கான பருவகாலக் கட்டணத்தைச் செலுத்தவேண்டும். நியாயமான நிபந்தனைகள். ஆனால் இந்தப் பிரிவுகள் தனிப் பிரகடனத்துக்குக் காத்திருக்கும்படி விடப்பட்டன. அந்தக் கோடையிலேயே அவை உயிர்பெற்றிருக்கலாம், பெறவில்லை. உரிமையை எழுதிவைத்துவிட்டு அதன் திறவுகோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதற்குப் பெயர் சீர்திருத்தமா?

எதிர்த்தரப்பின் வாதங்களைப் புறக்கணித்துச் செல்வது முறையன்று. அவற்றுள் வலுவானது பாதுகாப்பு. 2019 நவம்பரில் ஸ்காபரோவின் மாடிக்கட்டடம் ஒன்றிலிருந்து யன்னல் குளிரூட்டி விழுந்து இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அதன் பின்னரும் யன்னல் விளிம்பில் பாரத்தைத் தொங்கவிட எவரும் வாதாட முடியாது. ஆயின் அந்தத் துயரம் கோருவது உறுதியான தாங்கிகளையும் முறையான பரிசோதனையையும். தரையில் நிற்கும் இயந்திரத்திலோ வெளியே செல்வது காற்றுக்குழாய் ஒன்றுதான். அது எவர் தலையிலும் விழப்போவதில்லை. யன்னல் குளிரூட்டியைவிட அது மின்சாரத்தைக் கூடுதலாகத் தின்னும், சற்று இரையும். அந்தக் குறையைச் சுமப்பவர் குடியிருப்பாளரே.

அடுத்தது மின்சுமை. பழைய கட்டடத்தின் மின்கம்பிகள் எல்லா வீட்டிலும் ஒரே வேளையில் ஓடும் குளிரூட்டிகளைத் தாங்கா என்கிறார்கள். உண்மையாயிருக்கலாம். அப்படியாயின் அதைச் செப்பனிடும் கடமை யாருடையது? கட்டடத்தைப் பழுதின்றிப் பேணும் பொறுப்பை அதே 2006ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளர் தோளில்தான் வைத்திருக்கிறது. தன் கடமையில் தவறியதையே பிறர் உரிமையை மறுக்கும் காரணமாக்குவது விசித்திரமான தர்க்கம். கட்டடத்தின் முகப்பழகு கெடுகிறது என்ற வாதத்துக்கு 619 என்ற எண்ணே போதும்.

சூழலியல் பேசும் நம் நண்பர்களின் ஆட்சேபம் வேறு வகையானது. குளிரூட்டிகள் புவியை மேலும் சூடாக்கும் என்கிறார்கள். நகரத்தின் அலுவலகங்களும் அங்காடிகளும் புதிய சொகுசு மாடிவீடுகளும் நாள் முழுவதும் குளிர்ந்து கிடக்கையில், புவியைக் காக்கும் தவத்தை ஏழாம் மாடியில் ஓரறையில் வாழும் மூதாட்டிதான் இயற்றவேண்டுமா? மரங்களையும் வெப்பம் காக்கும் சுவர்களையும் கேட்போம், நிச்சயமாக. அவை வரும்வரை அவர் உயிரோடு இருக்கவேண்டும்.

செய்யமுடியும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. அதே 2021 வெப்பத்தில் போர்ட்லண்ட் நகரம் 46 பாகை செல்சியசைத் தாண்டியது. மறு ஆண்டே ஒரெகன் மாநிலம் சட்டம் இயற்றியது. அதன்படி உரிமையாளர் நகர் குளிரூட்டிகளைப் பொதுவாகத் தடைசெய்ய முடியாது. கட்டட விதி மீறல், அளவுக்கு மிஞ்சிய மின்சுமை, அவசர வெளியேற்றத்துக்கான யன்னலை அடைத்தல் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காகவே மறுக்கலாம். மின்சுமையால் எண்ணிக்கையைக் குறைக்க நேர்ந்தால், உடற்குறையால் குளிரூட்டி தேவைப்படுவோருக்கு முன்னுரிமை. பேரிடர் முடிந்து ஓராண்டுக்குள் ஒரு சட்டசபை இதைச் செய்தது.

ஸ்காபரோவின் மாடிக்கட்டடங்கள் நமக்கு அந்நியமானவையல்ல. 1983க்குப் பின் வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தம் முதல் கனேடிய முகவரியை அங்கேதான் பெற்றன. வீடு வாங்கி வெளியேறியவர்களுள் பலர் இன்று உரிமையாளர்கள்; நிலவறையையோ ஓர் அறையையோ வாடகைக்கு விடுபவர்கள். ஆகவே இக்கட்டுரை அரசாங்கத்தை மட்டும் நோக்கி எழுதப்படவில்லை. பிரகடனத்தை அரசிடம் கேட்போம், தொகுதி உறுப்பினர்களுக்கு எழுதுவோம். அதோடு, உங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள். குளிரூட்டி கூடாது என்ற வரி அதில் இருந்தால், அதை அடித்துவிட எந்தச் சட்டசபையின் அனுமதியும் உங்களுக்குத் தேவையில்லை.