சதுர அடிக்குள் ஒளிந்திருப்பவை

வீடு கட்டுவோர் அலுமினிய ஜன்னல் வேலைக்கு ஆள் தேடும்போது முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "சதுர அடி என்ன விலை?" இதை முதற்கேள்வியாகக் கேட்பதே தவறு என்பது எமது கருத்து. நம்பத்தக்க ஒப்பந்தக்காரரைக் கண்டறிய அது உதவுவதில்லை. நம்பத்தகாதவர் ஒளிந்துகொள்ளத்தான் இடம் தருகிறது.

மரத்தைப் பொறுத்தவரை நாம் ஊமையர் அல்லர். வைரம் பாய்ந்ததா, பச்சை மரமா, வெடிப்பு உண்டா என்று ஆசாரியிடம் வாதிட நமக்குத் தலைமுறைகளாக வந்த சொற்கள் உள்ளன. கன அடிக் கணக்கு வீட்டுப் பெரியவர்களுக்கு மனப்பாடம். அலுமினியம் அவ்வாறு வரவில்லை. செக்ஷன், கேஜ், பீடிங், டிராக் என அதன் சொற்கள் யாவும் பட்டறை வாசலோடு நின்றுவிட்டன. சொல் தெரியாதவர் கேள்வி கேட்பதில்லை, தலையாட்டுகிறார். இலக்கியம் பேசும் இடத்தில் ஜன்னலுக்கு என்ன வேலை என்று புருவம் உயர்த்தும் அன்பர்களுக்கு இதுவே எமது விடை.

பட்டறைக்காரர் அலுமினியத்தைக் கிலோக் கணக்கில் வாங்குகிறார். நமக்குச் சதுர அடிக் கணக்கில் தருகிறார். இவ்விரண்டு கணக்குகளுக்கும் இடையில் மறைந்திருப்பது செக்ஷனின் சுவர்க்கனம். வெளியளவு மாறாமல் கனம் மட்டும் 2 மில்லிமீட்டரிலிருந்து 1.2 ஆகக் குறைந்தால் உலோகத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் காணாமற்போகிறது. பவுடர் கோட்டிங் பூசிய பிறகு கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அது தெரிவது காற்றடிக்கும் நாளில்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது எத்தனை கட்டடங்களின் கண்ணாடிகள் நொறுங்கின என்பதை நகரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே செக்ஷனின் கனம் எத்தனை மில்லிமீட்டர், ஒரு மீட்டர் நீளத்தின் எடை எவ்வளவு என்பவற்றைக் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதத் தயங்குபவரோடு மேலே பேச வேண்டியதில்லை.

அளவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 3 அடி 8 அங்குலத்துக்கு 4 அடி 2 அங்குலம் உள்ள ஜன்னலின் பரப்பு 15.28 சதுர அடி. இரு பக்கத்தையும் அடுத்த அரை அடிக்கு உயர்த்தினால் 18 ஆகிவிடும். எட்டு ஜன்னல்களுக்கு ஏறக்குறைய 22 சதுர அடி வெறும் காற்றுக்கு விலை கொடுக்கிறோம். முழுக் கண்ணாடித் தகட்டில் வெட்டும்போது சேதாரம் உண்டு என்பது உண்மையே. ஆயின் அந்த வழக்கத்தை முன்கூட்டியே சொல்பவர் வேறு, பில்லில் மட்டும் காட்டுபவர் வேறு.

கண்ணாடியைப் பற்றி இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். இங்கே போவது பணம் மட்டுமன்று. குளியலறைத் தடுப்புக்கும் பால்கனிக் கைப்பிடிக்கும் சாதாரணக் கண்ணாடி பொருத்துவது, குழந்தைகள் நடமாடும் வீட்டில் கத்தியைத் தொங்கவிடுவதற்குச் சமம். அது உடைந்தால் நீண்ட கூர்முனைகளாகப் பிளக்கும். டஃபன்ட் கண்ணாடி 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கப்பட்டு வேகமாகக் குளிர்விக்கப்படுவது. உடைந்தால் சிறு மணிகளாக உதிரும். அதைப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. இந்த ஒரு செய்தி போதும், ஆளை எடைபோட. "அளவு சற்றுக் கூடினால் இங்கேயே வெட்டிக்கொள்ளலாம் சார்" என்று ஒருவர் சொன்னால், அவர் கொண்டுவரப்போவது டஃபன்ட் கண்ணாடி அன்று. தொழில் தெரிந்தவர் பூச்சு வேலை முடியும் வரை காத்திருந்து, திறப்பின் அகலத்தை மேலும் நடுவிலும் கீழுமாக மூன்று இடங்களில் அளப்பார். கொத்தனாரின் கோணல் அவருக்குத் தெரியும்.

அவர் முன்பு செய்த வேலையைப் பார்க்கக் கேட்பது வழக்கந்தான். புதிதாய்ப் பளபளக்கும் வீட்டைப் பார்த்துப் பயனில்லை. இரண்டு வடகிழக்குப் பருவமழையேனும் கண்ட வீட்டைக் கேட்க வேண்டும். அங்கே ஸ்லைடிங் ஜன்னலின் கீழ் டிராக்கில் ஒரு குவளை நீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே வடிய வேண்டும். அறைக்குள் வந்தால் வடிகால் துளை இல்லை, அல்லது சிலிக்கானால் அடைபட்டிருக்கிறது. கடலோரப் பகுதியானால் திருகாணிகளையும் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகுக்குப் பதில் சாதாரண இரும்பு போட்டிருந்தால் உப்புக்காற்று அதைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று. நாலு பேரிடம் விலை கேட்டு, மிகக் குறைந்ததைக் காட்டி மற்றவரை இறங்கச் சொல்லும் வீட்டுக்காரர், கனம் குறைந்த செக்ஷனைத் தாமே வருந்தி அழைக்கிறார். நேர்மையான சிறு பட்டறைகள் இந்தப் பேரத்தில்தான் நசிகின்றன.

பணத்தைப் பொறுத்தவரை எமது பரிந்துரை: பொருள் வாங்க அட்வான்ஸ், பொருத்தும்போது பெரும்பகுதி, எஞ்சிய பத்து சதவீதம் முதல் பெருமழைக்குப் பின். இதை முகம் சுளிக்காமல் ஏற்பவர் சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் கூடக் கேட்டாலும் அவரிடமே வேலையைக் கொடுக்கலாம்.