அச்சாணியும் அவசரமும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர் நம் முன்னோர். தேருக்குக் கூறிய அப்பழமொழி, மலைநாட்டுப் பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கும் முற்றிலும் பொருந்தும்.

அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் உள்ளது; பதுளையோ ஏறத்தாழ 680 மீற்றர். பண்டாரவளை, ஹாலிஎல வழியாக இறங்குவோர் வளைவுக்கு வளைவு பிரேக்கை நம்பியே வருகின்றனர். இறக்கத்திலே பிரேக் பிடிக்குங்கால் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. ஆதலின் முன்சக்கரத்தின் பிரேக்கே பெரும் பணியை ஏற்கிறது.

அண்மையில் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நண்பர் இல்லத்தில் தங்கியிருந்தேன். அவருடைய மகன் உயர்தர வகுப்பு மாணவன். முன்சக்கரத்தைக் கழற்றி, டியூபுக்கு ஒட்டுப் போட்டு, தானே மீண்டும் பூட்டியிருந்தான். "எல்லாம் சரி மாமா, ஏறுங்கள், பதுளைக்குப் போய்விடலாம்" என்றான். ஏறுமுன் குனிந்து பார்த்தேன், நெஞ்சு திடுக்கிட்டது.

டிரம் வகைப் பிரேக்கிலே சக்கரம் சுழலும். பிரேக் கட்டைகளைத் தாங்கும் தட்டு சுழலலாகாது. பல வண்டிகளில் முன்கவையின் காலில் உள்ள ஒரு முனைப்பு, அத்தட்டின் பள்ளத்தில் அமர்ந்து அதைத் தடுத்து நிறுத்துகிறது. பையன் பூட்டிய சக்கரத்தில் முனைப்பு பள்ளத்துக்கு வெளியே நின்றது. அந்நிலையில் பிரேக்கை அழுத்தினால் தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுழல முயலும். கேபிள் அறும், சக்கரம் இறுகும், ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவார். பசறை இறக்கத்தில் அதன் முடிவை எழுதவும் வேண்டுமோ?

இருவரும் மீண்டும் கழற்றினோம். மாணவ அன்பர்களே, முறையைக் கேளுங்கள். கழற்றும்போதே வளையங்களும் இடைக்குழாய்களும் எப்பக்கத்தன என்று குறித்துக்கொள்ள வேண்டும். டயரில் அம்புக்குறி இருப்பின் அது சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். அச்சைத் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசுக. வேகமானியின் பற்கள் சக்கரக் குடத்தின் பள்ளங்களில் அமர்ந்தனவா என்று பார்க்க. அமராமல் முறுக்கினால் அவை நசுங்கும். முனைப்பைப் பள்ளத்தில் பொருத்தியபின் அச்சைக் கையாலேயே செலுத்துக. சுத்தியலால் அடிக்க வேண்டாம்.

பின்னர் சக்கரத்தைச் சுழற்றி, பிரேக்கைப் பிடித்தபடியே நட்டை இறுக்கினால் கட்டைகள் நடுநிலையில் அமரும். கவையில் பிடிப்பாணி உள்ள வண்டியாயின், வண்டியைத் தரையில் இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்துக் கவையை நான்கைந்து முறை அழுத்தி விட்ட பிறகே அதனை இறுக்குக. எவ்வளவு இறுக்குவது என்பதை வண்டியின் கைந்நூல் கூறும். பிளவு ஊசி இருப்பின் புதியதே இடுக. டிஸ்க் வகையாயின், சக்கரம் வெளியே இருக்கையில் பிரேக் கைப்பிடியைத் தொடாதீர். பூட்டியபின் கைப்பிடி உறுதிப்படும்வரை பலமுறை அழுத்திப் பார்ப்பீர்.

இறுதியாக, சமநிலத்தில் நடைவேகத்தில் ஓட்டிச் சோதித்தோம். மொத்தம் அரைமணி நேரம் சென்றது. பையன் தலைகுனிந்து, "அவசரப்பட்டுவிட்டேன் மாமா" என்றான். பிழையை ஒப்புக்கொண்டவனிடம் கடிந்து என்ன பயன்? அவன் பின்னாலேயே அமர்ந்து பதுளைக்குச் சென்றேன்.