குளிர்காலக் கேலுக்கு விதைப்பு ஜூலையில்

கடுங்குளிர் நாடுகளில் கேல் பயிரிடுவோர் எந்த ரகம் எவ்வளவு உறைபனி தாங்கும் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். விளைச்சலை அதைவிட அதிகமாகத் தீர்மானிப்பது பகலின் நீளம்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஃபோர் சீசன் பண்ணையை உருவாக்கிய எலியட் கோல்மன் இதைத் தம் நூல்களில் வலியுறுத்தி வந்திருக்கிறார். பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கியதும் கீரைகளின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். வடக்கு 44 பாகையை ஒட்டிய அந்தப் பண்ணையில் நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை இதே நிலைதான். அந்த மூன்று மாதமும் கேல் உயிரோடு நிற்கும், வளராது. ஜனவரியில் நாம் பறிப்பது அக்டோபருக்குள் விளைந்த இலையை.

அதனால் விதைப்பு ஜூலை நடுவில் முடிந்திருக்க வேண்டும். ஐந்தாறு வாரத்தில் நாற்றைப் பிடுங்கி நட்டால் இருள் காலத்துக்கு முன் செடி முழு அளவை எட்டும். செப்டம்பரில் விதைத்துவிட்டு, மூடுதுணியும் கூடாரமும் போட்டால் ஈடுகட்டலாம் என்று நம்புவது வீண் செலவு. துணி குளிர்காற்றைத் தடுக்கும். இல்லாத வெளிச்சத்தைத் தராது.

கோடை நாற்றுக்கு எதிரி குளிரல்ல, இலையைச் சல்லடையாக்கும் சிறுவண்டு. விதைத்த அன்றே நுண்வலை கட்டிவிடுவது நல்லது. இலையுதிர் காலம் பிறந்தபின் தழைச்சத்து இடக் கூடாது. அதில் வரும் மென்தளிர் முதல் கடும்பனியிலேயே கருகும். ரகத்தில் சுருள் இலை வின்டர்போரை நம்பலாம். கருநீள இலை கொண்ட டஸ்கனி கேல் சுவையில் உயர்ந்தது, ஆனால் குளிர் தாங்குவதில் பின்தங்கியது.

வட ஜெர்மனியின் பிரேமன், ஓல்டன்பர்க் பகுதிகளில் முதல் பனி விழுந்த பிறகே கேல் பறிப்பது மரபு. இனிப்பு கூடுவது உண்மை. குளிரில் செடி மெதுவாகவேனும் சர்க்கரை தயாரித்துக்கொண்டே இருக்கும், செலவழிப்பது குறையும். மிச்சம் இலையில் சேரும். இது வேரோடு நிற்கும் செடியில் நடப்பது. பறித்த இலையை உறைபெட்டியில் வைத்து இந்த இனிப்பைப் பெற முடியாது.

உறைந்து விறைத்த இலையைத் தொடாதீர்கள். பனி இளகியபின் அடியிலைகளை மட்டும் பறித்து, நடுக்குருத்தை விட்டுவையுங்கள். செடியை மூடிய வெண்பனியைத் தட்டிவிடவும் வேண்டாம். உலர்காற்றிலிருந்து அதுவே காக்கும். வசந்தத்தில் பூந்தண்டு கிளம்பும். அதையும் மொட்டிலேயே ஒடித்துச் சந்தைக்கு அனுப்பலாம்.

உங்கள் ஊரில் பகல் 10 மணி நேரத்துக்குக் குறையும் தேதியைப் பாருங்கள். அதிலிருந்து 16 வாரம் பின்னோக்கி எண்ணி, விதைப்பு நாளை இப்போதே குறித்துவையுங்கள்.