மூக்கைத் தேய்த்தால் புத்தி வருமா?

மணி எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. காப்பகத்திலிருந்து கூட்டி வந்த நாட்டு நாய், நாலு வயசு. வந்த அன்றே ஹாலில் டிவி ஸ்டாண்டு ஓரமாக ஒன்றுக்குப் போனது. மறுநாள் பூஜை அறை வாசலில். செய்தி எப்படித்தான் பரவியதோ, காலை வாக்கிங்கில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

"மூக்கைப் பிடிச்சு அதுலயே தேய்ங்க சார், அப்பத்தான் புத்தி வரும்" என்றார் ஒருவர். 30 வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாத்தியார்! இன்னொருவர், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? திருப்பி விட்டுட்டுக் குட்டியா ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றார்.

இரண்டும் தப்பு. முதலாவது கொடுமையும்கூட.

அரை மணி கழித்து விழும் அடி எதற்கென்று நாய்க்குத் தெரியாது. இந்த மனுஷன் அடிப்பான் என்பது மட்டும் தெரியும். அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும். வெளியே கூட்டிப் போனாலும் நாம் பக்கத்தில் நின்றால் போகப் பயப்படும். "தப்புப் பண்ணிட்டு எப்படி முழிக்குது பார்" என்கிறோமே, அது பயந்த முழி. நாயை அடிப்பது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதாவது வாத்தியாருக்குத் தெரிந்திருக்கலாம்.

குட்டிக்கு மூத்திரப்பை சின்னது, அடக்கவே முடியாது. வளர்ந்த நாய் ராத்திரி முழுக்க அடக்கும். தெருவில் வாழ்ந்ததற்கு வீடு எது, வெளி எது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். எழுந்ததும், சாப்பிட்டதும், படுக்கும் முன்பும் அதே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனேன். போய் முடித்ததும் அங்கேயே ஒரு துண்டு வேகவைத்த கோழி. வீட்டுக்கு வந்து கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது. (கோழிக்குத் தனிப் பாத்திரம், தனி அடுப்பு. வீட்டம்மா சைவம்.) மற்ற நேரமெல்லாம் என் கண்ணெதிரே. ஃபினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். நாய் பழைய வாசனையைக் கண்டுபிடித்து அதே இடத்துக்கு வரும். செல்லப்பிராணிக் கடையில் என்சைம் கலந்த திரவம் கிடைக்கிறது, அதில் துடைத்தேன். இவ்வளவும் செய்து நிற்கவில்லையென்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். மூத்திரத் தொற்று, சர்க்கரை எல்லாம் நாய்க்கும் உண்டு.

போன வருஷம் எனக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் ஆனபோது இரண்டு ராத்திரி படுக்கை நனைந்தது. வீட்டம்மா விளக்கைக்கூடப் போடாமல் விரிப்பை மாற்றினாள். இந்த வயதில் நம்மில் பலருக்கு இது நடந்திருக்கும். யார் மூக்கை யார் தேய்த்தார்கள்?

11 நாளாகத் தரை காய்ந்திருக்கிறது. இப்போது மணியே வாசல் கதவருகே போய் நின்று என்னைத் திரும்பிப் பார்க்கிறது. வாத்தியாரிடம் சொன்னேன்.

"உங்க அதிர்ஷ்டம் சார்" என்றார்.