பல்லைப் பிடுங்கப் பயம் ஏன்?

பல்வலியின் கொடுமை பட்டவர்களுக்குத்தான் தெரியும். பகலில் சும்மா இருக்கும் பல், இரவில் படுத்தவுடன் மண்டையைப் பிளக்கும்.

அப்படி வலித்தும் ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்கள் ஏராளம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளிலும், திருவள்ளூர் வட்டாரத்துச் செங்கல் சூளைகளிலும் பாடுபடும் மக்களுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று என்று பொருள். ஆகவே, கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். சிலர் வலிக்கும் பல்லில் புகையிலையை அடக்கிக்கொள்கிறார்கள்.

மாத்திரை வலியை மறைக்கும். சொத்தையை ஆற்றாது. உள்ளே சீழ் பிடிக்கும். கன்னம் வீங்கும். வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்கே ஆபத்து. ஒரு நாள் கூலியைக் காப்பாற்றப் போய், பல நாள் கூலியை இழக்க நேரும்!

கண் போய்விடுமா?

கூலி ஒரு காரணம் என்றால், பயம் மற்றொரு காரணம். "மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள்.

இது வீண் பயம். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. பார்வைக்கு உரிய நரம்பு வேறு. பல்லைப் பிடுங்குவதால் பார்வை போகாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வலிக்கும் பல்லை எல்லாம் பிடுங்க வேண்டியதில்லை. சீக்கிரம் போனால் சொத்தையை அடைத்துவிடலாம். சற்று முற்றியிருந்தால் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம். காப்பாற்ற முடியாத பல்லைத்தான் எடுக்க வேண்டும். "இந்தப் பல்லைக் காப்பாற்ற வழி உண்டா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

என்ன நடக்கும்?

முதலில் டாக்டர் பல்லைப் பார்ப்பார். தேவையானால் எக்ஸ்ரே எடுப்பார்.

சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம், இருதய நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் சொல்ல வேண்டும். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்தக்கூடாது. டாக்டர் சொல்கிறபடி நடக்க வேண்டும்.

பிறகு ஈறில் மரத்துப்போகும் ஊசி போடுவார். ஊசி சுருக்கென்று குத்தும். சில நிமிஷத்தில் உதடு தடித்ததுபோல் இருக்கும். பல்லை அசைக்கும்போது அழுத்துவது தெரியும், வலி தெரியக்கூடாது. வலித்தால் கையை உயர்த்துங்கள். டாக்டர் மறுபடியும் மருந்து போடுவார்.

பல்லை எடுத்த பிறகு, பள்ளத்தின் மேல் பஞ்சுத் துணியை வைத்துக் கடிக்கச் சொல்வார். அரைமணி முதல் முக்கால் மணி நேரம் வரை கடித்தபடி இருக்க வேண்டும். அப்போது அங்கே ரத்தம் உறைந்து கட்டியாகும். அந்த ரத்தக்கட்டிதான் புண்ணை ஆற்றும் மருந்து! அதைக் கலைக்கக்கூடாது.

முதல் நாள் ஜாக்கிரதை

அன்று துப்பிக்கொண்டே இருக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்காதீர்கள். குழல் வைத்து உறிஞ்சிக் குடிக்காதீர்கள். பீடி, சிகரெட், புகையிலை, மது எதுவும் கூடாது. மரப்பு தெளிந்த பிறகு, ஆறின கஞ்சியோ தயிர்சாதமோ சாப்பிடுங்கள். மறுநாள் முதல், வெதுவெதுப்பான உப்பு நீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம்.

அன்று பாரம் தூக்கவும் கூடாது. கடும் சூட்டில் நிற்கவும் கூடாது. பல்லை எடுத்துவிட்டு, அன்று இரவே உலைக்கு முன் போய் வேலை செய்தால் ரத்தம் மறுபடியும் கசியும்.

எச்சிலில் லேசாக ரத்தம் கலந்து வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் துணியைக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல் வந்தாலும், வீக்கம் கூடிக்கொண்டே போனாலும், விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தாலும் தாமதிக்கக்கூடாது. மூன்றாம் நாள் வலி குறையாமல் அதிகமானால், ரத்தக்கட்டி கலைந்திருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

வாணியம்பாடி தந்த பாடம்

பயப்பட வேண்டியது சுத்தக் குறைவுக்கு!

2022-23ஆம் ஆண்டுகளில், வாணியம்பாடியில் ஒரு பல் சிகிச்சை நிலையத்துக்குப் போய் வந்தவர்களுக்கு மூளையைத் தாக்கும் தொற்று ஏற்பட்டது. 8 பேர் இறந்தார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு கிருமியே காரணம் என்று 2025இல் வெளியான ஆய்வு கூறியது. சுத்தம் செய்யாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, அதையே பலருக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இப்படி நடப்பது அபூர்வம். ஆயினும் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். டாக்டரின் பதிவு எண் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். கருவிகளைக் கிருமி நீக்கி வைத்திருக்கிறார்களா, ஊசி புதியதா என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்காகக் கோபிக்க மாட்டார். பதிவு இல்லாதவரிடம், பணம் குறைவு என்பதற்காக வாயைத் திறக்காதீர்கள்!

எங்கே போவது?

திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் சென்னை வந்துவிடலாம். ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டும் தொழிலாளர்கள், அந்த அட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி விசாரிக்க வேண்டும்.

தொழிற்சாலை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல் எடுத்த தொழிலாளிக்கு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள்; கூலியைப் பிடிக்காதீர்கள். வலியோடு இயந்திரத்தின் முன் நிற்கிறவனுக்கு வேலையில் கவனம் இருக்காது. கவனம் தப்பினால் கை போகும்!

பல்வலிக்கு நாள் பார்க்க வேண்டாம். இன்று வலித்தால், நாளையே போய்க் காட்டுங்கள்.