கிள்ளும் கையைக் கட்டிப்போடுங்கள்

பெற்றோர்களே, கொஞ்சம் உறைக்கும்படியே பேசப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் போன வாரம் பார்த்தது. பையனுக்கு 8 வயதிருக்கும். அப்பளத்தை நொறுக்கியபடியே கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டினான். ஒரு பக்கத் தோள் வெட்டி வெட்டி இழுத்தது. "கோணங்கி வேல செய்யாதடா!" என்று அம்மா தொடையில் கிள்ளினார். பயல் மூச்சைப் பிடித்து அடக்கிப் பார்த்தான். அரை நிமிடம் தாங்கவில்லை, முன்பைவிட வேகமாகச் சிமிட்டினான். "பாத்தியா, வேணும்னே செய்றான்" என்றார் அப்பா.

அது சேட்டை இல்லை. மருத்துவர்கள் 'டிக்' என்பார்கள். தும்மலுக்கு முன் மூக்கு ஊறுமே, அப்படியோர் உந்துதல். சற்று நேரம் அடக்கலாம், அடியோடு நிறுத்த முடியாது. அடக்க முடிவதால்தான் நம் கண்ணுக்கு அது நடிப்பாகப் படுகிறது.

நாம் என்ன செய்கிறோம்? திருஷ்டி சுற்றுகிறோம். கைப்பேசியைப் பிடுங்குகிறோம். கடைசியில் டாக்டரிடம் போய், "உடனே ஸ்கேன் எடுங்க" என்று நாமே உத்தரவு போடுகிறோம். ஸ்கேனிலும் ரத்தச் சோதனையிலும் டிக் தெரியாது. வலிப்போ வேறு நோயோ என்று சந்தேகம் வந்தால்தான் அவை தேவைப்படும். இப்படி டிக் உள்ள 9 பேரின் நிலையை 1885-இலேயே விவரித்து எழுதினார் பிரெஞ்சு மருத்துவர் ஜில் டி லா டூரெட். அப்போது எக்ஸ்ரேகூடக் கிடையாது.

டாக்டரின் கருவி கேள்விதான். எந்த வயதில் தொடங்கியது? அசைவு மட்டுமா, செருமல், உறிஞ்சல் என்று சத்தமும் உண்டா? ஓராண்டு ஆயிற்றா? 18 வயதுக்குள் தொடங்கி, குறைந்தது 2 அசைவும் 1 சத்தமும் வந்து, ஓராண்டு தாண்டியிருந்தால், அந்த மருத்துவரின் பெயரால் வழங்கும் டூரெட் நோய்க்குறி. ஓராண்டு ஆகாவிட்டால் தற்காலிக டிக் என்றே எழுதுவார். பல பிள்ளைகளுக்கு அது தானாக அடங்கிவிடும்.

இந்தப் பதிலெல்லாம் நம்மிடம்தான் இருக்கிறது. டாக்டர் முன்னால் பிள்ளை பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்துவிடுவான். ஆகவே வீட்டில், அவனை உறுத்தாமல், கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடியுங்கள். தொடங்கிய மாதத்தை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். டிக்குடன் கூடவே பாடத்தில் கவனம் சிதறினாலும், கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவினாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அரசாங்க கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் கோலாலம்பூரில் துங்கு அசிசா, கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா என்று பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. வகுப்பாசிரியரிடமும் சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் 10, 12 வயதில் டிக் உச்சத்துக்குப் போகும்; பிறகு மெல்லக் குறையும். அதுவரை உங்கள் கை கைப்பேசியைப் பிடிக்கட்டும், பிள்ளையின் தொடையைத் தொடவேண்டாம்.