அடுப்பு மூட்டிய மாக்மா

ஜாலான் புசாரிலிருந்து சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்தால் நகைக்கடைகளில் ஒரே பேச்சுதான்: 916 இன்று என்ன விலை, செய்கூலி எவ்வளவு. தங்கம் பூமிக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்பாரில்லை. தமிழர்களாவது கேட்க வேண்டும். கோலார் தங்கவயலில் இறங்கிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன நம்மவர்கள், தலித்துகளே அதிகம். அவர்கள் உடைத்தது, சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பை.

எரிமலைதான் தங்கத்தைக் கக்கியது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு நேரானதில்லை. உறைந்த குழம்பு கரும்பச்சைப் பாறைப் பட்டையானது. அதன் இருபுறமும் கிரானைட் குழம்பு ஏறியது. நிலம் நெருக்குண்டு வெடித்தது. ஆழத்தில் பாறைகள் உருமாறியபோது கசிந்த, கந்தகம் கலந்த வெந்நீர் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு வெடிப்புகளில் ஏறியது. வழியில் இருந்த இரும்புச்சத்துப் பாறை கந்தகத்தைப் பறித்துக்கொள்ள, தங்கம் குவார்ட்ஸ் நரம்புகளில் தங்கிவிட்டது. அந்த நீரில் மாக்மாவின் பங்கு எவ்வளவு என்று புவியியலாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். என் கட்சி இது: மாக்மா அடுப்பு மூட்டியது, சமைத்தது வெந்நீர்.

கோலார் தொழிலாளர்கள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் எடுத்தார்கள். நுரையீரலில் சிலிக்கா தூசியைச் சுமந்தவர்களுக்கு அதில் என்ன கிடைத்தது? 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு கழிவு மேடுகள் ஊருக்குள்ளேயே நிற்கின்றன. கடைசியாகச் சுரங்கத்தை நடத்திய ஒன்றிய அரசுதான் அதற்குப் பொறுப்பு.